தோளில் இருந்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பட்டப்பகலில், வெளியே ஐஸ்கிரீம்காரர் மணியடித்துப் போய்க்கொண்டிருந்தபோது நடந்தது இது.

பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு போட்டோ கடையில் பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக்குவது என் வேலை. அன்று மேசையில் இருந்தது என் மனைவி குமுதாவின் படம். மறுநாள் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். நான் இன்னும் அழவில்லை. எல்லாம் மரத்துப்போய் இருந்தது.

அவள் முகம் நேராகத் தெரிகிற படம் அது ஒன்றுதான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் எடுத்தது. பக்கத்தில் அவள் தங்கை தனலெட்சுமி, அக்கா தோளில் கை போட்டபடி. மாலை போடும் படத்தில் உயிரோடு இருப்பவரின் விரல்கூட இருக்கக்கூடாது. எங்கள் கடையில் முதலில் அதைத்தான் துடைப்போம். தனத்தை வெட்டினேன். கையைத் துடைத்தேன். சேமித்தேன்.

முகம் மங்கலாக இருந்தது. ஒரே ஒருமுறை அவளைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஸ்கேனர் மென்பொருளில் ஷார்ப்னஸை 'லோ' என்று வைத்தேன். புருவம் தெரிந்தது. தோளில் ஏதோ நிழல்...

'மீடியம்.' துடைத்த கை திரும்பி வந்திருந்தது.

வேறு ஃபைலைத் திறந்துவிட்டேனோ? மறுபடி துடைத்தேன். ஷார்ப்னஸ் இருக்கிற கோட்டை அழுத்திக் காட்டும். இல்லாததை வரையாது.

'ஹை.' யாரும் தொடாத ஸ்கேனர் விர்ர்... என்று ஓடி நின்றது. மணி 2.17.

குமுதாவின் கண்கள் பளிச்சென்று தெரிந்தன. தோளில் அதே கை. அதன் மணிக்கட்டை அவள் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. குமுதாவின் சுண்டுவிரல் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவில் நசுங்கிய விரல்.

கவுண்டரில் இருக்கும் அஃப்ரீன் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா அந்தக் கைய விடவே மாட்டாங்க போலலா, அண்ணே."

ஷார்ப்னஸை எடுத்தேன். இரண்டு கையும் மறைந்தன. மங்கலாகவே அச்சடித்தேன்.

கைப்பேசி அடித்தது. பாகான் டாலாமிலிருந்து தனத்தின் கணவர் தயாளன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தனம் விழுந்துவிட்டாள். இரண்டே காலுக்கு மேல் என்றார். உயிர் இல்லை.

"'கைய விடுக்கா, கைய விடுக்கா'ன்னா, அண்ணே..."

டாக்டர் மாரடைப்பு என்றார். தனத்தின் மணிக்கட்டில் சிவந்த விரல் தடம் இருந்தது. ஒன்று மட்டும் வளைந்திருந்தது.

தனத்துக்கும் அந்தப் படமே போதும் என்கிறார் தயாளன். மறுபடி ஸ்கேனரில் வைத்திருக்கிறேன்.

இந்த முறை கையைத் துடைக்க வேண்டியதில்லை.