கரையில் நடாத வேம்பு

மழை விழத் தொடங்கினால் எங்கள் தெருவில் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். பக்கத்து வீட்டு நாதியா மட்டும் வெளியே ஓடுவாள். அவளுடைய பால்பல் வயதிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து வருகிறேன். ஓடுகிற தண்ணீரில் ஒரு இலையைப் போட்டு, அது போகிற வழியே அவளும் போவாள். அவள் அம்மா பர்வீன் பானு வாசலில் நின்று கத்துவார்: "அடியே, சளி புடிச்சா உங்கத்தா சார்ஜாவுல இருந்து வந்தா மருந்து வாங்கிக் குடுப்பாக?" நாதியாவின் அப்பாவுக்குச் சார்ஜாவில் வேலை.

போன ஐப்பசியில் அப்படிப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் பொது நிலத்தை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்துத் தைலமரம் வைத்திருக்கிறது. மழைத்தண்ணீர் மரத்துக்கே நிற்கட்டும் என்று சுற்றிலும் பள்ளம் வெட்டிக் கரை போட்டிருக்கிறார்கள். எங்கள் கண்மாய்க்கு வரும் கால்வாய் அந்தக் கரையோடு நின்றுவிட்டது. நாதியா விட்ட இலையும் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறது. நாங்களோ கண்மாய் வறண்டு கிடந்த அத்தனை வருஷமும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கண்மாய் வறண்டதில் எல்லாருக்குமா நஷ்டம்? போர்க்கிணறு போட்டவர்கள் நெல் அறுத்தார்கள். கடைக்கோடிக் காலனியில் சின்னத்தாயி போன்றவர்கள்தான் அரை ஏக்கரைத் தரிசாகப் போட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனார்கள்.

மே மாதக் கிராம சபையில், அடுத்த மழைக்குள் கரையைத் திறக்க வேண்டும் என்று நாதியா எழுந்து கேட்டாள். இரண்டு போர் வைத்திருக்கும் குழந்தைவேலு சிரித்தார்.

"ஏம்மா, உலகம் சூடாகுது, மரம் வைங்கன்னு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊர்வலம் போன. இப்ப மரத்துக்குத் தண்ணி விடாதேங்கிற. எதைத்தான் கேக்குற?"

"மரத்தை வெட்டச் சொல்லல மாமா. கால்வாய் அகலத்துக்குக் கரையத் திறங்கன்னுதான் சொல்றேன். இப்பல்லாம் மழை ஒரேயடியாக் கொட்டுது, இல்லாட்டிக் காணாமப் போகுது. கொட்டுற அன்னைக்கே கண்மாய்க்கு வரலேன்னா கீழ இருக்கவுக என்ன செய்வாக?"

"போர் போடட்டும்."

"நீங்களே போட்டுக் குடுங்களேன்" என்றார் பின்னாலிருந்து சின்னத்தாயி. கூட்டம் சிரித்தது. தீர்மானம் மட்டும் எழுதப்படவில்லை.

ஜூனில் அந்தக் கம்பெனியே சுற்றுச்சூழல் தின விழா வைத்தது. நாதியாவைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். குழந்தைவேலு சால்வை போர்த்தினார். கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்ததும் பிள்ளை சந்தோஷமாகச் சிரித்தாள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அங்குட்டு வா என்று குழிக்குக் கூட்டிப் போனார்கள். குழி வெட்டியிருந்த இடம், கால்வாயை அடைத்து நிற்கும் அதே கரை.

நாதியா கன்றைக் கீழே இறக்கவில்லை. "இதுல நட்டுட்டா, நாளைக்குக் கரையத் திறக்க வர்றப்ப, 'நாதியா வச்ச மரத்தை வெட்டுறாக'ன்னு என்னையே காட்டுவீக. நான் நட மாட்டேன்."

சால்வை போர்த்திய அதே குழந்தைவேலு சொன்னார்: "அத்தா வெளிநாட்டுல இருந்தா பொம்பளப் பிள்ளைக்கு இப்படித்தான் வாய் நீளும்."

மறுநாள் தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொன்னார். யாரிடம், எதற்கு? அவள் எழுதவில்லை.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் பெரிய பிளக்ஸ் முளைத்தது. கையில் வேப்பங்கன்றோடு சிரிக்கும் நாதியா. 'எங்கள் பசுமைப் புதல்வி' என்ற எழுத்தைவிடப் பெரிதாகக் கம்பெனிப் பெயர். ஒரு பிள்ளையின் சிரிப்பைத் திருடி, அவள் எதிர்த்து நிற்கிற காரியத்துக்கே விளம்பரம் செய்தார்கள். எடுக்கச் சொல்லி பர்வீன் பானு கேட்காத ஆள் இல்லை. பிள்ளைக்குப் பெருமைதானே என்றார்கள்.

ஒருநாள் விடிகாலையில் சின்னத்தாயி அரிவாளோடு வந்தார். பிளக்ஸை அறுத்துக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்.

"கோவிச்சுக்காத ஆத்தா, உன் முகத்தை உள்பக்கமா வச்சுட்டேன். ஆடுக மட்டும் பாக்கட்டும்" என்றார் நாதியாவிடம்.

"கம்பெனி பேரு?"

"அதுவும் உள்ளதான். ஆட்டுக்கு என்ன, படிக்கவா தெரியும்?"

விழாவுக்குப் பிறகு அன்றுதான் நாதியா சிரித்துப் பார்த்தேன்.

இப்போது மறுபடி ஐப்பசி. நாதியா பன்னிரண்டாவது படிக்கிறாள். சிவகங்கையில் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய்வந்தாள். சின்னத்தாயியும் காலனிப் பெண்களும் கூடப் போனார்கள். கால்வாயை அளக்க வருகிறோம் என்றவர்கள் இன்னும் வரவில்லை. நேற்று நல்ல மழை. தைலமரப் பள்ளத்தில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. கரை அப்படியே இருக்கிறது. கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது.