பாக்கியக்கா காத்த வாசல்

விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் எங்கள் ஜீப்பில் பேச்சு ஓடாவிட்டால், கம்பமெட்டு மலைரோட்டு வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் ஒரு விளையாட்டை ஆரம்பித்தேன். மலைக்குள் ஓர் அரண்மனை, அதைப் பிடிக்க வரும் பூதங்கள், ஆளுக்கொரு வேஷம். கதையை நான் ஓட்டுவேன். "இப்ப என்ன செய்யுறே?" என்று கேட்டால் அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும்.

ராணி வேஷத்துக்கு அடிதடி. கதை என்னுடையது, நானே எடுத்துக்கொண்டேன். யாருக்கும் வேண்டாத வாசல் காவலன் வேஷம் அனுமந்தன்பட்டி பாக்கியக்காவுக்குப் போனது. அவர் ஒரு பிள்ளைப்பூச்சி. கங்காணி திட்டினாலும் தரையைப் பார்த்துச் சிரிப்பார். முதல் பூதம் வந்தபோது, "கதவத் தெறந்து விட்டுட்டேன்" என்றார்.

"ஏன்க்கா?"

"பாவம் மெர்லினு, எம்புட்டு நேரம் நிக்கும்?"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. பிறகு பூதத்திடம் பேர் கேட்கத் தொடங்கினார். மழைக்காலம் வருவதற்குள், கனத்த குரலில் ராணியான என்னையே வாசலில் நிறுத்தினார். எனக்குப் புல்லரித்தது.

ஐப்பசியில் ஒரு நாள், அடைமழை. இன்னொரு ஜீப் பழுதாகி நின்றது. அதிலிருந்தவர்களையும் எங்களோடு திணிக்கச் சொன்னார் டிரைவர் கருத்தக்கண்ணன். ஏற்கெனவே மடிமேல் மடி, ரோடு வழுக்கும், ஓரத்தில் பாதாளம். ஆனாலும் வேலை போய்விடுமே என்று எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தோம்.

பாக்கியக்கா இறங்கி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். "இம்புட்டுப் பேர ஏத்தாதீக தம்பி. ரெண்டு நடையா அடிங்க."

காவலனின் குரல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவருடைய சொந்தக் குரல்தான், மெலிந்து நடுங்கியது. கால் மட்டும் அசையவில்லை.

"நாளையிலருந்து ஒனக்கு வண்டியில சீட்டு கெடையாது, பாத்துக்க!" என்றார் கருத்தக்கண்ணன்.

அந்தச் சீட்டை நம்பித்தான் அக்கா இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

"சரி" என்றார். நகரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். என் பின்னால் ஜீப்பே காலியானது. வெறும் ஜீப்பை ஓட்டி என்ன செய்வார் கருத்தக்கண்ணன்? முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நடை அடித்தார்.

மறுநாள் பாக்கியக்காவின் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் கருத்தக்கண்ணனே ஆரன் அடித்தார். அக்கா ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவில் கதையைத் தொடங்கினேன்.

"பூதம் வருதுக்கா. காவக்காரன் என்ன செய்யுறான்?"

"அவன் தூங்கட்டும் மெர்லினு" என்றார். "நான் முழிச்சிருக்கேன்ல."