பொன்னுசாமி அண்ணனும் ஆறிப்போன சூப்பும்

பொன்னுசாமி அண்ணன் போய்விட்டார். நேற்று ராத்திரி, அவர் ஊர் வாழவந்தியில், ஹார்ட் அட்டாக்... பார்த்துவிட்டு இப்போதுதான் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினேன்.

ஏற்காட்டில் ஒரே ரிசார்ட்டில் வேலை பார்த்தோம். நான் ரிசப்ஷன் இன்சார்ஜ், அவர் சப்ளையர்.

யாரோ ஒரு கெஸ்ட் ரூமில் விட்டுப்போன தடித்த இங்கிலீஷ் டிக்‌ஷனரி அவர் கையில் சிக்கியது. எங்களுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

"ஏனுங்க சார், இந்த மல்லிகடானி சூப் வேற ஒண்ணுமில்லீங்க, நம்ம மொளகுத்தண்ணிதானுங்க! கப்பலேறிப் போயி கோட்டு சூட்டு போட்டுட்டு வந்திருக்குதுங்க."

கதை முடியும்வரை கிண்ணம் மேஜைக்கு இறங்காது. ஏற்காட்டுக் குளிரில் அந்த சூப் என்ன ஆகும்?

சாண்ட்விச் கேட்டால் இன்னும் மோசம். "அது ஒரு பிரபுவோட பட்டப்பேருங்க. சீட்டாட்டத்துல இருந்து எந்திரிக்க மனசில்லாம, ரொட்டிக்கு நடுவுல கறிய வெச்சுக் கொண்டாங்கடான்னாராம்..." டேபிளில் குழந்தைகள் பசியில் அழுதுகொண்டிருக்கும்.

ஆன்லைனில் ஒருவர் ரிவ்யூ போட்டார். "சூப் ஆறிப்போய் வந்தது. மிளகைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம். ஒரு ஸ்டார்."

அந்தக் கடுப்பில் நான் இருந்த நாளில்தான் ஆரஞ்சு ஜூஸை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆரஞ்சுங்கற பேரு நம்ம நாரத்தைக்குச் சொந்தக்காரனுங்க. இங்கிருந்து பாரசீகம், அரபு நாடெல்லாம் சுத்திட்டு இங்கிலீசுக்குப் போச்சுங்க."

"கதை விடாதீங்கண்ணா!" கெஸ்ட் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அன்றைக்கே இங்கிலீஷில் ஒரு மெமோ. விருந்தினரிடம் பொய்க்கதை சொல்லக் கூடாது, மீறினால் வேலை போகும். கீழே என் கையெழுத்து.

"சரி கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் சூப் சூடாக வந்தது. ரிவ்யூவில் யாரும் அவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து சும்மா போனில் தேடினேன். நாரத்தை, பாரசீகம், அரபு... பாவி மனுஷன், வழியில் ஒரு ஸ்டாப்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. அவர் ரிட்டையரும் ஆகிவிட்டார்.

இன்று அவர் வீட்டுச் சுவரில், சேர்வராயன் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி ஃப்ரேம் போட்டு... என் மெமோ!

"நல்லா வேல செஞ்சதுக்கு ஆபீஸ்ல குடுத்த சர்டிபிகேட்டு" என்றார் அவர் மனைவி. "நொம்பப் பெருமையா மாட்டி வெச்சாரு. இந்த ஊட்ல இங்கிலீசு தெரிஞ்சது அவரு ஒருத்தருதான். என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு கண்ணு."

கிட்டப் போய் நின்று, வரிவரியாகப் படிப்பதுபோல் விரலை ஓட்டினேன்.

"ஆரஞ்சைப் பத்தி பொன்னுசாமி அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம்னு எழுதியிருக்குதுங்கக்கா."

போயிட்டு வாங்கண்ணா. சூப் ஆறினா ஆறட்டும்.