சுண்ணாம்புக்கு அடியில் சிவப்புக் கோடு

அந்தக் கோட்டை அழித்தது நான்தான். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத எழுத வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில், ரயில்வே கேட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. எண்பதுகளின் கடைசியில் அங்கே மேம்பாலம் வந்தது. வந்தது என்றால் நடுத்துண்டு மட்டும். தண்டவாளத்துக்கு மேலே உள்ள துண்டை ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாய்வு ரோட்டை மாநில அரசு போடும் என்று ஏற்பாடு. ரயில்வே தன் துண்டைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. சாய்வு ரோட்டுக்குப் பணம் ஒதுக்கவில்லை. ஏற வழியில்லாமல், இறங்க வழியில்லாமல் பாலம் அந்தரத்தில் நின்றது. அதன் நிழலில் நாங்கள் எப்போதும்போல கேட் திறக்கக் காத்துக்கிடந்தோம்.

ரோட்டுக்காகத் தெருவின் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் எடுக்கப்போவதாகச் சொல்லி, ஒரு சர்வேயர் வந்து அளந்தார். வீட்டுக்கு வீடு சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, கையில் ஒரு நோட்டீசும் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் கோடு வாசல்படிக்கு மேலே, முன்சுவரில் விழுந்தது. படி போகும், அறை தப்பும்.

அந்த முன்னறையில்தான் அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். புருஷன் வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள், வளையல்களை விற்று ஆறு மெஷின் வாங்கிப் போட்டிருந்தாள். அந்தப் படபட சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். "இந்த ரூம் எனக்குப் புருஷன் மாதிரிடி. ஆனா கை நீட்டாது" என்பாள்.

கோடு விழுந்த பிறகு அறைக்குள் வரும் கால்கள் குறைந்தன. சுவரைப் பார்த்துவிட்டு, "இடிக்கப்போற வீடாமே, பரீட்சைக்கு நடுவுல எங்க போறது?" என்று கேட்டுவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தார்கள். அறைக்கு ஒன்றும் ஆகாது என்று அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. போகி வந்தது. விடியற்காலையில் பழைய பாய், கிழிந்த முறம் எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தும்போது அந்த நோட்டீசையும் எடுத்து வந்து நெருப்பில் போட்டேன். பீடை ஒழிந்தது என்று வாய்விட்டே சொன்னேன். பொழுது விடிந்ததும் வெள்ளையடிக்கிற மட்டையைத் தூக்கினேன். சிவப்பு, சுண்ணாம்புக்கு அடங்கவில்லை. உடைந்த ஓட்டுச்சில்லால் பூச்சு உதிர உதிரச் சுரண்டினேன். அப்புறம் நீலம் கலந்து மூன்று தடவை அடித்தேன்.

எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "அத்த ஏம்மா அழிக்கிற? கவர்மென்ட்டு கோடு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கீது."

"உங்க கடை வேலையைப் பாருங்கண்ணா" என்றேன்.

பிப்ரவரியில் ஜீப் வந்தது. இந்தத் தடவை வேறு சர்வேயர், சின்ன வயசுக்காரர். பணம் ஒதுக்கியாகிவிட்டது, மார்ச் முடிவதற்குள் வேலையைக் காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று கூட வந்தவரை விரட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடையில் கோட்டைப் பார்த்தார், காகிதத்தில் குறித்தார், திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இங்க மார்க் எங்கம்மா?"

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோடு இல்லாத வீட்டை எதை வைத்து இடிப்பார்கள் என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி. "எங்க வீட்ல எதுவும் போடலை சார்" என்றேன்.

"அப்ப புதுசா அளந்துடலாம்" என்று டேப்பை இழுக்கச் சொன்னார்.

டேப் படியைத் தாண்டியது. நிலைவாசலைத் தாண்டியது. பையன்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மெஷின்களுக்கு அடியில் ஊர்ந்துபோய் அறையின் பின்சுவரில் முட்டி நின்றது. ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் அடங்கியது.

"சார், படி மட்டும்தானே போகுது?"

"அது பழைய ஆர்டர். முன்னாடி மார்க் போட்டு நோட்டீஸ் கொடுத்த வீட்டுக்கு அந்த அளவுதான். புதுசா அளக்கறதுக்கெல்லாம் சர்வீஸ் ரோடும் சேருது."

நான் முன்சுவரைத் தொட்டுக் காட்டினேன். "இருந்தது சார். எங்களுக்கும் போட்டிருந்தாங்க."

"இப்பத்தானே இல்லேன்னு சொன்னீங்க? நோட்டீஸ் இருந்தா காட்டுங்க."

நோட்டீஸ் எங்கே இருக்கும்? சமையலறைக்கு ஓடி அரிவாள்மணையை எடுத்து வந்து சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் மணல். அதற்கும் அடியில் செங்கல். செங்கல்லும் சிவப்புதான் என்பதில் ஒரு கணம் ஏமாந்து, "இதோ சார்" என்று கத்திவிட்டேன். சைக்கிள் கடை அண்ணன் ஓடிவந்து, "நானே பார்த்தேன் சார், கோடு இருந்துச்சு, சத்தியமா" என்றார். சர்வேயர் கெட்டவர் இல்லை. பழைய ஃபைல் வேறு ஆபீசில் இருக்கிறது, எழுதிக் கேட்டு வருவதற்குள் மார்ச் போய்விடும் என்று தலையைச் சொறிந்தார். நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

அக்கா வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுடி. சுவர்தான் பேந்து வருது."

மார்ச் கடைசி வாரத்தில் அறையை இடித்தார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. அக்கா குரோம்பேட்டையில் வேறொருவர் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனாள். பாலம் திறக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின. அதற்குள் சர்வீஸ் ரோட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ரோடு எங்கள் பழைய வாசல்படி வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. அறை இருந்த இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, ஆறிப்போயிருப்பேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் நான் சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பேன், அவள் வாங்கிக்கொள்வாள். மட்டையை என் கையில் அவள் மறுபடி கொடுக்கவே இல்லை.