பெட்டிக்குள் இருபத்தொரு நாள்

எங்கள் நாய்க்கு உடம்பு நீளம், கால் குட்டை. தேயிலைத் தோட்டத் துரை பங்களாவில் வளர்ந்த சாதி நாய்க்கும், வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்து நாய்க்கும் பிறந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் இப்படி ஒரு நாய் வேறு யார் வீட்டிலும் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு நாள் காலை அது வாசற்படியிலிருந்து கீழே குதித்தது. குதித்த இடத்திலேயே வீரிட்டுக் கத்தியது. பிறகு பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் படுத்துவிட்டது.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "சுளுக்குதான் டீச்சர். ஒரு நெட்டி எடுத்து நல்லா வழிச்சு விட்டா சரியாப் போயிரும்."

நான் தொட விடவில்லை. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் ஆயிற்றே. முதுகெலும்பில் யாரும் கண்டபடி கை வைக்கக் கூடாது என்று வாசலில் நின்றபடியே ஒரு பாடம் நடத்தி அவரை அனுப்பினேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நாயைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். மிருக வைத்தியர் சின்னப் பெண். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் வேலை செய்யும் என் மகளின் வயதுதான் இருக்கும். நாயின் முதுகை ஒவ்வொரு எலும்பாகத் தடவிப் பார்த்தார். பின்னங்கால் விரலைக் கிள்ளினார். நாய் திரும்பிப் பார்த்து முனகியது.

"உணர்ச்சி இருக்குது. அதுதான் முக்கியம்," என்றார். "எலும்புக்கு நடுவுல உள்ள சவ்வு பிதுங்கி நரம்ப அமத்துது. மருந்து தாரேன். ஆனா மருந்த விட ரெஸ்ட்தான் பெரிசு. மூணு கிழமைக்கு ஒரு சின்னப் பெட்டிக்குள்ளயே வைங்க. ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும் தூக்கிட்டுப் போங்க. நடக்க விட வேணாம், பாய விட வேணாம். ஏலும்தானே டீச்சர்?"

"கட்டாயம் செய்றேங்க டொக்டர்," என்றேன்.

என் கணவர் வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். கரட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, உள்ளே பழைய கம்பளியைப் போட்டு ஒரு பெட்டி செய்து தந்தார். "எறக்கிராத, என்ன?" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

நாலு நாள் தாங்கினேன். பாடசாலை விட்டு நான் வரும்போதே அதன் அழுகை தேயிலை மலை வளைவு வரை கேட்கும். லயத்துச் சுவருக்குத்தான் காதில்லையே தவிர அக்கம்பக்கத்தாருக்கு உண்டு. "பாவம், வாயில்லா சீவன, ஜெயில்ல போட்ட மாதிரி," என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஐந்தாம் நாள் பின்பக்கத்துப் புல்லில் இறக்கி விட்டேன். ஐந்து நிமிடம்தான், அதற்கு மேல் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது தள்ளாடி எழுந்து நின்று, என் முகம் முழுக்க நக்கியது. இரக்கத்தால் இறக்கி விட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மகள் போனபின் வீட்டில் என்னைக் கண்டு அத்தனை சந்தோஷப்பட வேறு யாரும் இல்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு தினமும் இறக்கினேன். ஐந்து நிமிடம் அரை மணியானது. கணவர் வருவதற்குள் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். பதினைந்தாம் நாள் அது ஒரு கோழியைத் துரத்தித் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டப் பார்த்தது. மறுபடி அதே வீரிடல். பயந்துபோய் அதற்குப் பிறகு நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. இருபத்தொரு நாளில் அது ஒழுங்காகப் பெட்டிக்குள் இருந்தது முதல் நாலு நாளும் கடைசி ஆறு நாளும்தான்.

மூன்று கிழமை முடிந்து பதுளைக்குப் போனபோது டொக்டர் வெகுநேரம் முதுகைத் தடவினார். "நான் நெனச்ச அளவுக்கு முன்னேற்றம் இல்லயே," என்றார். "முழுக்க பெட்டிக்குள்ளதானே இருந்திச்சு?"

"ஆமாங்க டொக்டர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒழுங்கா செஞ்சிருக்கீங்க டீச்சர். நெறைய பேர் பாவம் பாத்து வெளிய விட்டுருவாங்க. அப்பிடி விட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் பெட்டியிலதான் போடச் சொல்லியிருப்பேன். நீங்க விடல. அதனால பயிற்சிய தொடங்கலாம்."

வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வசனம் போதும். வீட்டுப் பாடம் செய்யாமல் செய்தேன் என்று சொல்கிற பிள்ளையை வகுப்பு முழுக்க நிற்க வைக்கிற ஆள் நான். ஆனால் வாங்குப் பலகையில் உட்கார்ந்து இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். டொக்டர் பிள்ளை என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மாதம் அந்த அழுகையைக் கேட்க வேண்டுமே என்ற பயமும் இருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் டவல் ஒன்றை நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, எப்படி நடத்த வேண்டும் என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் அந்தப் பயிற்சியை விரதம் மாதிரிச் செய்தேன். காலையும் மாலையும் டவலில் பிடித்து நடத்தினேன். படுக்க வைத்து, பின்னங்கால்களை மடக்கி நீட்டினேன். டொக்டர் பத்து அடி சொன்னால் நான் இருபது அடி நடத்தினேன். செய்யாமல் விட்டதை இப்படிச் செய்து தீர்க்கப் பார்த்தேன் போலிருக்கிறது. ஆறாம் நாள் காலை, டவலில் நடந்துகொண்டிருந்தபோதே கத்தியது. அதன் பின்பாதி திடீரென்று கனத்துப்போய் என் கையில் தொங்கியது.

அன்று பாடசாலைக்குப் போகவில்லை. டொக்டர் பின்னங்கால் விரலைக் கையால் கிள்ளினார். பிறகு இடுக்கியால் அழுத்தினார். நாய் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே போய்க் கண்டியில் யாருக்கோ போன் எடுத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஒபரேஷன் செய்தாலும் இந்த நிலைமையில் கால் வருவது சந்தேகம் என்றார்களாம். "என்ட பிழை டீச்சர்," என்றார். "அவசரப்பட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பெட்டியில வச்சிருக்கோணும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்து, "பரவால்லம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு நாயை நானேதான் தூக்கினேன், கழுவினேன், வயிற்றை மெதுவாக அழுத்திச் சிறுநீர் எடுத்து விட்டேன். ஊரில் எனக்கு நல்ல பெயர். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டர் எங்கள் லயத்துக்கே வந்தார். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்த இரண்டு சில்லு வண்டி ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, நாயின் பின்பாதியை அதில் ஏற்றி, வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். நாய் முதலில் விழித்தது. பிறகு முன்னங்காலால் இழுத்துக்கொண்டு லயத்து ரோட்டில் ஓடியது. பக்கத்துக் காம்பரா அம்மா உட்பட எல்லாரும் கை தட்டினார்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது டொக்டர் சொன்னார்: "இப்ப இப்பிடி வாற எந்த நாய்க்கும் நான் ரெண்டு மாசத்துக்குக் கொறையாம பெட்டிதான் சொல்றேன். இது எனக்கு இன்னும் மனசுல கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை கோபமா பேசலயே டீச்சர்."

என் கணவர்தான் பதில் சொன்னார். "விடுங்கம்மா. தெரிஞ்சா செஞ்சீங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.