வெள்ளிக்கிழமை இறைச்சிப் பணிஸ்

எங்களுக்குக் கலியாணமாகி வந்த இரண்டாவது மாரி அது. ஐம்பதுகளின் கடைசி. முல்லைத்தீவில், நந்திக்கடலுக்குக் கிட்ட, கிடுகு வேய்ந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: என் கணவர், அவருடைய தாயான மாமி, நான். தை பிறந்தும் மழை விடவில்லை. முற்றத்து மணலில் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் தென்னைகள் தலைகீழாக அசைந்தன. காலையும் மாலையும் ஒரே நிறமாக இருந்ததால், விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டதா என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பேன்.

அவருக்குக் காய்ச்சல். இருமலும் சேர்ந்திருந்தது. இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்துகொண்டே வெறும் சளித் தடிமன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். மழை விட்டதும் நந்திக்கடலில் இறால் ஓடும். அவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால், வலையில் அவருடைய இடத்துக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே நோய், வருத்தம் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. கஞ்சி வைத்தால் இரண்டு கரண்டி குடிப்பார். சோற்றைப் பார்த்ததும் தள்ளிவிடுவார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லவும் வழியில்லை.

ஒருநாள் பிற்பகல், அரைத் தூக்கத்தில், அவர் ஒரு சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், மீசை அரும்பாத வயதில், திருகோணமலையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாம் குசினியில் அவர் சட்டிபானை கழுவியவர். அங்கே மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி, சிவப்புக் குழம்பில் வேகவைத்து, மெத்தென்ற உருண்டை ரொட்டியான பணிஸைப் பிளந்து உள்ளே அள்ளி வைப்பார்களாம். இனிக்குமாம், புளிக்கவும் செய்யுமாம். கடித்தால் குழம்பு கைவழியே வழியுமாம். கண்கள் மூடியிருந்தன. விரல்கள் மட்டும் போர்வைக்கு மேல் எதையோ பிடித்தபடி இருந்தன.

"அது கிடைச்சால் தின்னுவன்," என்றார்.

வியாழக்கிழமை காலையில் இறைச்சிக்கடையில் ஒரு இறாத்தல் எலும்பில்லாமல் வாங்கினேன். கொஞ்சம் கொழுப்பு விடச் சொன்னேன். பலகையில் வைத்து இரண்டு கத்திகளால் மாறி மாறிக் கொத்தினேன். நசியக்கூடாது. குறுணல் அரிசி அளவுக்குத் துணுக்குகளாக வரவேண்டும். சட்டியில் கொழுப்பை உருக்கி, வெங்காயமும் உள்ளிப்பூண்டும் வதக்கி, இறைச்சியைப் போட்டு, அதன் தண்ணீர் வற்றும்வரை கிளறினேன். முகாமில் அந்தச் சிவப்புக் குழம்பு போத்தலில் வந்ததாம். என்னிடம் இருந்தவை தக்காளியும் கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரியும் பனங்கட்டியும்தான். தக்காளியை அவித்துத் தோல் நீக்கி மசித்து ஊற்றினேன். மிளகும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும் போட்டேன். மிளகாய்த்தூள் போடாமல் இறைச்சி சமைக்க எனக்குக் கை வராது. அதையும் போட்டேன். பிறகு விறகை வெளியே இழுத்து, மூடியைச் சாய்த்து வைத்து, தணலில் விட்டேன். ஈரவிறகுப் புகையும் வினாகிரி மணமும் இனிப்பும் ஒன்றாகக் கலந்து கூரைக்குக் கீழே மிதந்தன. அவர் நித்திரையிலேயே மூக்கை உயர்த்தினார்.

மழையில் பேக்கரிப் பாண் எங்கள் பக்கம் வருவதில்லை. பணிஸையும் நானே செய்யவேண்டியிருந்தது. கோதுமை மாவில் சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, அப்பத்துக்கு விடுவதுபோலக் கள்ளு விட்டுப் பிசைந்து, துணியால் மூடி அடுப்பருகே வைத்தேன். மாலைக்குள் பொங்கவேண்டியது. குளிரில் அசையவே இல்லை. மாமி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாவும் உன்ர மனுசனைப் போலத்தான். எழும்பு எண்டால் எழும்பாது."

விடியும்போது அது துணியை முட்டிக்கொண்டு நின்றது. தொட்டால் உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வந்தது. பானைக்குள் மணல் பரப்பி, தட்டில் உருண்டைகளை வைத்து, மூடிக்கு மேலும் சிரட்டைத் தணல் போட்டேன். வெந்ததும் மேற்பக்கம் பொன்னிறமாக இருந்தது. சுடச்சுடப் பிளந்து, சூடாக்கிய இறைச்சியைக் குழம்போடு அள்ளி வைத்தேன். இரண்டு பணிஸ். தட்டைக் கொண்டுபோனபோது, பல நாட்களுக்குப் பிறகு, யாரும் பிடிக்காமலே அவர் எழுந்து உட்கார்ந்தார்.

கையில் எடுத்தவர் நிறுத்தினார்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

மாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாங்கள் இருவரும் அதை மறந்துவிட்டோம். வெள்ளி, என்றார் மாமி.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். கத்தோலிக்க வீட்டில் அன்று இறைச்சி தொடுவதில்லை. முகாமிலேகூட வெள்ளிக்கிழமைகளில் அவர் வெறும் பாண்தான் தின்றவராம். பணிஸைத் தட்டில் வைத்துவிட்டார். வினாகிரி விட்ட இறைச்சி, சனிக்கிழமைவரை பழுதாகாது. அவருடைய பசி அதுவரை நிற்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மாமி கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"வருத்தக்காரருக்குச் சுத்தபோசனம் இல்லை. சுவாமியார் பிரசங்கத்திலயே சொன்னவர்."

"நான் வருத்தக்காரனே?"

"அது உனக்குத்தான் தெரியும். வருத்தமில்லையெண்டால் தட்டை அவளிட்டக் குடுத்திட்டு எழும்பு. போய் வலையைப் பார்."

கிடுகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பணிஸிலிருந்து எழுந்த ஆவி அவருடைய முகத்துக்கு முன்னால் வளைந்து போனது. அவர் அதற்குள்ளால் வெளியே, நந்திக்கடல் இருக்கும் பக்கம், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மழைமூட்டத்தில் தண்ணீரும் வானமும் பிரியாமல் கிடந்தன. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"எனக்கு ஏலாமல்தான் கிடக்கு," என்றார்.

பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கடித்தார்.

குழம்பு மணிக்கட்டில் வழிந்தது. துடைக்கத் துணி எடுக்கப் போன நான் எடுக்காமலே நின்றேன். அவர் சாப்பிடுகிறார் என்ற நிம்மதியும், அவர் சொன்ன சொல்லின் பயமும் ஒன்றாகவே வந்தன. அவர் தடிமன் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நானும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன் போல.

மாமி குடையை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டில் சொல்லிவிட்டு வருவதாக என்னிடம், ஆனால் அவருக்குக் கேட்கும்படி, சொன்னார். அவர் மறிக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார்.

"முகாமில இவ்வளவு உறைப்பில்லை," என்றார் என்னைப் பார்த்து. "வண்டில் வரமுன்னம் மற்றதையும் தாரும்."