முகத்துவாரம் தாண்டும் படகு

இரண்டு படகுகளுமே என்னைவிட வயதில் மூத்தவை. வெள்ளைப் படகு கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் படகு கட்டும் இடம் ஒன்றில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. பச்சைப் படகு பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றில் மிதந்துகொண்டிருந்தது. ஒன்றைத்தான் வாங்க முடியும். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பேசிய பேச்சில் பாதி இதுதான்.

எனக்குச் சிதம்பரம்; இப்போது நாங்கள் குடியிருப்பதும் அங்கேதான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. புதுச்சேரியில் படித்த காலத்தில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சமைக்கவும் படுக்கவும் இடமுள்ள படகு ஒன்றில் கரையோரமாகவே தெற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசை. அவருக்கு மங்கலம்பேட்டை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். டிராக்டர் எஞ்சினைப் பேசிக்கொண்டே பிரித்து மாட்டிவிடுவார். கடலில் மட்டும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. படகு வேண்டும் என்று நான் கேட்டபோது மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“படகு பரங்கிப்பேட்டையிலதான் நிக்கணும். சனிக்கிழம காலையில கெளம்புனா டிபன் செரிக்கறதுக்குள்ள ஏறிடணும். கடலூர்ல கட்டிப்போட்டுட்டு பொங்கலுக்கு ஒரு தரம் எட்டிப் பாக்குற கதையெல்லாம் வேணாம் புள்ள.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஓட்டாத படகு கெட்டுப்போகும், ஓட்டாத ஆசையும் அப்படித்தான். ஆக, எதை வாங்கினாலும் அது வெள்ளாற்றில் நின்று, வாராவாரம் கடலுக்குப் போய்வர வேண்டும்.

முதலில் கடலூர். வெள்ளைப் படகைப் பார்த்த நிமிடமே நான் அதன் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஒல்லியான உடம்பு, கூரான மூக்கு. உள்ளே தேக்குப் பலகை இன்னும் மினுமினுத்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் வெளிச்சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். ஊறிப்போன இடம் ‘பொத்’ என்று கேட்கும். எங்குமே அப்படிக் கேட்கவில்லை. அவர் எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

“எஞ்சின் தூங்குது. எழுப்பிடலாம்,” என்றார்.

எனக்கு மிகப் பிடித்தது அதன் கீல். காற்றில் படகு கவிழாமல் இருக்க அடியில் இறங்கும் கனத்த பாகம் அது. இந்தப் படகுக்கு ஒற்றைக் கீல், கத்தி மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது. காற்றை எதிர்த்துப் போக இதைவிட என்ன வேண்டும்? அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, “போட்டோ எடுங்க மாமா,” என்றேன். எடுத்தார்.

அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை. பச்சைப் படகின் சொந்தக்காரர் பல வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து திரும்பியவர். அகலமான வயிறும் மொண்ணை மூக்குமாக நின்ற படகைப் பார்த்ததும் என் முகம் போன போக்கை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“என்னமா, பிரியாணி டேக்சா மாதிரி இருக்கா?”

“இல்ல சார், கொஞ்சம் குண்டா…”

“சொல்லுங்க, அதுக்குக் காது கேக்காது.”

என் கணவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. பொத்தானை அழுத்தியதுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டதில் அவர் ஏற்கெனவே மயங்கியிருந்தார். தட்டிப் பார்த்ததில் பின்பக்கம் ஓரிடம் ‘பொத்’ என்றது. பாய்களும் பழசு. இதற்கு ஒற்றைக் கீல் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டையாக இரண்டு. தண்ணீர் வற்றினால் சேற்றில் நிமிர்ந்து உட்காரும் என்றார் சொந்தக்காரர். நான் பாதிதான் கேட்டேன். மனசு கடலூரில் இருந்தது.

அப்போது, மேல்தளத்திலிருந்து பார்க்கும்படியான தூரத்தில், ஃபைபர் படகு ஒன்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. மணல்மேட்டை நெருங்கியதும் மோட்டாரை மேலே தூக்கிவிட்டார்கள். இருவர் குதித்துத் தள்ளினார்கள். ஆற்று வாயின் நட்ட நடுவிலேயே தண்ணீர் அவர்கள் தொடைக்கு இருந்தது.

போனை எடுத்துக் கடலூர் போட்டோவைப் பார்த்தேன். வெள்ளைப் படகின் உடம்பில், எதுவரை தண்ணீரில் அமிழும் என்று காட்டும் நீலக்கோடு சரியாக என் உச்சந்தலைக்கு நேராக ஓடியது. அதாவது அந்தப் படகு மிதக்கவே நான் முழுசாக மூழ்கும் ஆழம் வேண்டும்.

“இப்ப கடல் வத்தம்தானே சார்? ஏத்தத்துல எவ்ளோ தண்ணி வரும்?”

“வருஷத்துக்கு வருஷம் மணல் மாறும்மா. எறங்கிதான் பாக்கணும்.”

இறங்கிப் பார்ப்பதில் எனக்கு என்ன தயக்கம்? மதியம் ஏற்றம் உச்சத்துக்கு வந்து தண்ணீர் இழுக்காமல் நின்றபோது, வாடகைக்கு ஒரு ஃபைபர் படகில் முகத்துவாரத்துக்குப் போனோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுடிதாரோடு குதித்தேன். மறுமுனையை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“எதுவரைக்கும்?” என்று கத்தினார்.

“நெஞ்சு மாமா. ஆழமான எடத்துல.”

“வெள்ள?”

“ஆத்துக்குள்ளயே வராது. வந்தாலும் வெளிய போவாது.”

“பச்ச?”

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். சொந்தக்காரர் சொன்ன கணக்குப்படி அதற்கு அவ்வளவு போதும். அரை ஏற்றத்திலேயே தாண்டிவிடும். புதுச்சேரியில் கற்றதெல்லாம் காற்றைப் பற்றியே இருந்ததில், இரண்டு படகையும் பாய், பலகை, எஞ்சின் என்று அளந்த நான், எங்கள் ஆற்றின் வாயை மட்டும் அளக்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அளந்துவிட்டேன். அதுதான் கணக்கு.

வெள்ளைக்காக வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இன்னொரு ஊரில், ஆழமான துறைமுகத்தில், அது அருமையான படகு. எங்களுக்கு வேண்டியது சனிக்கிழமைப் படகு.

மறுநாள் அரை ஏற்றத்திலேயே பச்சையைக் கடலுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னோம். சொந்தக்காரர் சுக்கானை என்னிடமே கொடுத்தார். மணல்மேட்டின் மேல் போகும்போது அடியில் ‘சர்ர்’ என்று ஒரு உரசல். என் கணவர் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறு அலையில் மூக்கு எழும்பியது, தண்ணீரின் நிறம் மாறியது. எஞ்சினை அணைத்துப் பாயை ஏற்றினேன். குண்டுப் படகு நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் மெதுவாகவும், நினைத்ததைவிட ரொம்ப நிதானமாகவும் ஓடியது. பின்பக்கத்து ‘பொத்’தைக் கரையேற்றிச் சரிசெய்துவிடலாம் என்று அந்த ஓட்டத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

அவர் மரத்தை விடாமலே கேட்டார், “திரும்பி வர்றப்ப தண்ணி இருக்குமா?”

“இல்லன்னா சேத்துல உக்காந்து டீ போட்டுக் குடிப்போம். இதுதான் நிமுந்து உக்காருமே.”

பிறகு ஒரு கையை மட்டும் எடுத்தார்.

“சரி புள்ள. அடுப்பு எங்க இருக்குன்னு காட்டு.”